எலும்பு முறியவில்லை, ஆனாலும் கால் தாங்கவில்லை

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு வயது 56. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் கங்காணி. 9 வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் கிளினிக் மருந்து எடுக்கிறார். 12 நாளைக்கு முன்னர் மழைத் தூறலில் லயத்துக்கு இறங்கும் கல்படியில் வலது கால் வழுக்கிவிட்டது. விழாமல் சமாளிக்கப் பார்த்தபோது முட்டியில் "பட்" என்று சத்தம் கேட்டதாம். இரவுக்குள் முட்டி நன்றாக வீங்கிவிட்டது. வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று சொல்லி, பண்டேஜ் சுற்றி வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இப்போது வீக்கமும் வலியும் குறைந்துவிட்டன. ஆனால் நடக்கும்போது முட்டி திடீரென்று மடங்கி விழப் பார்க்கிறார். படுக்கையில் நாங்கள் காலை நீட்டிவிட்டால் கொஞ்சம் தூக்குகிறார். வெத மாத்தயாவிடம் (நாட்டு வைத்தியர்) எண்ணெய்க் கட்டுப் போடலாம் என்று லயத்தில் சொல்கிறார்கள். இது சுளுக்குத்தானா? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பொறுத்துப் பார்க்க வேண்டாம். அப்பாவை நாளைக்கே என்பியல் (எலும்பு) சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், முழங்கால் சில்லுக்கு மேலே இருக்கும் தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் பட்டை) அறுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் அதைப் பரிசோதனை காட்டட்டும். சுளுக்கு என்றால் வலி குறையக் குறையக் காலுக்குப் பலம் திரும்பும். உங்கள் அப்பாவுக்கு வலி இறங்கிவிட்டது, பலம் திரும்பவில்லை. எனக்குக் கவலை தருவது இதுதான்.

தொடையின் முன்பக்கத் தசைகள் நான்கும் கீழே வந்து ஒரே தசைநாணாகச் சேர்ந்து சில்லின் மேல் விளிம்பில் பிடிக்கின்றன. சில்லின் கீழ் முனையிலிருந்து இன்னொரு தசைநாண் இறங்கி, கால் எலும்பின் முன்புறம் கைக்குத் தட்டுப்படும் மேட்டில் போய்ச் சேர்கிறது. உட்கார்ந்தபடி காலை நீட்டுவதற்கும், படி ஏறுவதற்கும், சரிவில் இறங்கும்போது உடம்பைத் தாங்குவதற்கும் இந்தத் தொடர் முழுதாக இருக்க வேண்டும். இது மேல் தசைநாணில் அறலாம், சில்லு எலும்பில் உடையலாம், கீழ்த் தசைநாணில் அறலாம், அந்த எலும்பு மேட்டில் பிய்ந்து வரலாம். எங்கே விட்டுப்போனாலும் கால் தானாக நீளாது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநாண் நேரடியாகத் தெரியாது. ஆகவே "எலும்பு முறியவில்லை" என்பது இந்த நான்கில் இரண்டு இடங்களுக்கு மட்டும் கிடைத்த பதில். மற்ற இரண்டையும் கையால் தொட்டும் காலை நீட்டச் சொல்லியும்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாள் வலியிலும் வீக்கத்திலும் பல நோயாளிகள் காலை நீட்டிக் காட்டமாட்டார்கள். அதனால்தான் இந்தக் காயம் எல்லா நாடுகளிலும் முதல் பார்வையில் அடிக்கடி தவறிப்போகிறது. வீக்கம் வடிந்ததும் இரண்டாம் முறை பார்த்தே ஆக வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நடக்காமல் போனது அந்த இரண்டாவது பார்வைதான்.

இறங்கும்போது ஏன் அறுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பாதம் கல்லில் ஊன்றியிருக்கிறது, முட்டி பாதி மடிந்திருக்கிறது, உடம்பு கீழே போகிறது. அதைத் தடுக்கத் தொடைத் தசை முழுப் பலத்தோடு சுருங்கப் பார்க்கும் அதே நொடியில், உடம்பின் பாரம் அதை நீட்டி இழுக்கிறது. ஆரோக்கியமான தசைநாண் பெரும்பாலும் இதைத் தாங்கிவிடும். வயதும் நீண்ட நாள் சீனி வருத்தமும் அதைப் பலவீனமாக்கிவிடும். சிறுநீரக நோய், அதிலும் டயாலிசிஸ் செய்பவர்கள், மூட்டு வாதம், கவுட், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டெராய்ட் மருந்துகள், சிப்ரோபுளொக்சசின் வகை அன்டிபயோட்டிக் ஆகியவையும் அப்படித்தான். இழுப்புக்கோ சலக்கடுப்புக்கோ அண்மையில் அப்பா இப்படி ஏதும் குடித்தாரா, முட்டிக்குள் ஊசி போட்டாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சில்லுக்கு மேலேயும், அதற்குக் குறைந்தவர்களுக்குச் சில்லுக்குக் கீழேயும் அறுகிறது. வொலிபோல் விளையாடிக் குதித்து இறங்கிய இளைஞனுக்கு இப்படி நடந்தால் கீழ்த் தசைநாணைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லாததால், வீட்டிலேயே நிதானமாக ஒருமுறை பார்க்கலாம். ஒருமுறை போதும். பலமாக அழுத்தவோ இழுக்கவோ வேண்டாம், வலித்தால் விட்டுவிடுங்கள்.

முதலில் அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து, அவர் காலைத் தளர்த்தியிருக்கும்போது குதிகாலை உங்கள் உள்ளங்கையில் ஏந்தி மெதுவாக உயர்த்துங்கள். முட்டி முழுதாக நிமிர்கிறதா? உங்கள் கையாலும் நிமிரவில்லை, ஏதோ தடுக்கிறது என்றால் மூட்டுக்குள் குருத்தெலும்பு கிழிந்து சிக்கியிருக்கலாம். அது வேறு பிரச்சினை. உங்கள் கையால் நிமிர்கிறது, அவர் பலத்தால் நிமிரவில்லை என்றால் சந்தேகம் தசைநாணின் மேல் விழுகிறது.

அடுத்தது உட்கார்ந்து செய்வது. கால்கள் தரையில் படாமல் தொங்கும்படி உயரமான கட்டிலின் ஓரத்தில் உட்காரட்டும். நல்ல காலை முதலில் நீட்டச் சொல்லுங்கள். அது எப்படி முழுதாக நேராகிறது என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். பிறகு மற்றக் கால். மேல் தசைநாண் முழுதாக அறுந்திருந்தால் தொடை இறுகும், பாதம் ஒன்றிரண்டு அங்குலம் ஆடும், அவ்வளவுதான். சிலர் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துத் தொடையைத் தூக்கி, கால் நீள்வதுபோலக் காட்டிவிடுவார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை, உடம்பு தானாக வழி தேடுகிறது. ஆகவே தொடை கட்டிலை விட்டு எழாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

படுக்கையில் நீட்டிவிட்டால் கொஞ்சம் தூக்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்துக்கு ஆறுதல் தந்திருப்பது அதுதான், ஏமாற்றக்கூடியதும் அதுதான். சில்லின் இரு பக்கத்திலும் அகலமான சவ்வு இறங்குகிறது. நடுத் தசைநாண் அறுந்தும் இந்தப் பக்கச் சவ்வு மிஞ்சியிருந்தால், ஏற்கெனவே நிமிர்ந்திருக்கும் காலைச் சிறிது நேரம் தாங்கிவிடும். மடிந்திருக்கும் காலை அதனால் நிமிர்த்த முடியாது. அப்பா காலைத் தூக்கும்போது குதிகாலைப் பாருங்கள். கால் எழும்பும், ஆனால் முட்டி சற்று மடிந்தபடியே இருக்க, குதிகால் தொங்கிக்கொண்டு வரும். அந்தத் தொய்வு தசைநாண் கிழிந்திருக்கலாம் என்பதற்கான அடையாளம். கிழிவு பாதியா முழுதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, ஸ்கேன்தான் சொல்லும்.

இனி விரல் சோதனை. முட்டிக்குக் கீழே மடித்த துவாயை வைத்துக் காலைச் சற்று மடக்கி, தொடையைத் தளர்த்தச் சொல்லுங்கள். சில்லுக்கு நான்கு விரல் மேலே, தொடையின் நடுக்கோட்டில் சுட்டுவிரலை வைத்து மிதமாக அழுத்தியபடி கீழே நகர்த்துங்கள். நல்ல காலில் விரலுக்கடியில் ஒரு தடித்த பட்டை விடாமல் வந்து எலும்பு விளிம்பைத் தொடும். அறுந்த காலில், பெரும்பாலும் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 2 சென்ரிமீற்றருக்குள், அந்தப் பட்டை நின்றுபோய் விரல் பொதுக்கென்று உள்ளே இறங்கும். அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு தொடையை இறுக்கச் சொன்னால் தசை மேலே சுருண்டு போகும், பள்ளம் இன்னும் ஆழமாகும். உறைந்த இரத்தம் பள்ளத்தை நிரப்பியிருந்தால் ஒன்றும் தட்டுப்படாமலும் போகலாம். பள்ளம் இருந்தால் ஏறக்குறைய உறுதி. பள்ளம் இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எக்ஸ்ரே படம் வீட்டில் இருக்கிறது என்றால் அதற்குள்ளும் ஒரு தடயம் இருக்கலாம். பக்கவாட்டில் எடுத்த படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடிமட்டத்தால் அளவெடுங்கள். முதலில் சில்லின் மிக நீளமான அளவு. பிறகு சில்லின் கீழ் முனையிலிருந்து கால் எலும்பின் மேடு வரையுள்ள தூரம், அதாவது கீழ்த் தசைநாணின் நீளம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சாதாரணமாக 0.8க்கும் 1.2க்கும் இடையில் வரும். சில்லு 4.6 சென்ரிமீற்றர், கீழ்த் தூரம் 3.3 சென்ரிமீற்றர் என்றால் 0.72 வருகிறது. சில்லு கீழே இறங்கியிருக்கிறது, மேலே அதைப் பிடித்திருந்தது விட்டுப்போயிருக்கலாம் என்று அர்த்தம். 1.2க்கு மேலே போனால் சில்லு ஏறிவிட்டது, கீழ்த் தசைநாணைச் சந்தேகிக்க வேண்டும். விகிதம் என்பதால் படம் பெரிதா சிறிதா என்பது பிரச்சினையில்லை. ஆனால் முட்டியை ஏறக்குறைய 30 பாகை மடக்கி எடுத்த படத்தில்தான் இந்தக் கணக்கு நம்பத்தக்கது. கால் முழுதாக நீட்டியிருந்தால் தசைநாண் தொய்ந்து அளவு தவறும். சிலருக்குப் பிறவியிலேயே சில்லு ஏறியோ இறங்கியோ இருப்பதால் மற்ற முட்டியின் படத்தோடு ஒப்பிடுவது நல்லது. சில்லின் மேலே எலும்புத் துணுக்கு ஏதும் மிதக்கிறதா என்றும் டொக்டரிடம் கேளுங்கள். தசைநாண் பிய்ந்து வரும்போது சில சமயம் எலும்பையும் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு வரும். விகிதம் சரியாக இருந்தாலும் கிழிவு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

வைத்தியசாலையில் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் செய்வார்கள். தசை, தசைநாண் பார்த்துப் பழகியவர் செய்தால் முட்டியைச் சற்று மடக்கியும், தொடையை இறுக்கச் சொல்லியும் இடைவெளி விரிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவார். பழைய இரத்தக்கட்டு சில சமயம் அவரையும் குழப்பலாம். எம்.ஆர்.ஐ. இன்னும் தெளிவானது. மேல் தசைநாண் பெரும்பாலும் மூன்று அடுக்காக இருக்கும், எந்த அடுக்குக் கிழிந்தது, முனை எவ்வளவு மேலே போய்விட்டது என்பதெல்லாம் அதில் தெரியும். அதற்காக எம்.ஆர்.ஐ. வரிசையில் வாரக்கணக்காக நிற்க வேண்டாம். பள்ளம் தட்டுப்படுகிறது, கால் நீளவில்லை, அல்ட்ரா சவுண்டும் அதையே சொல்கிறது என்றால் சத்திரசிகிச்சைக்கு முடிவெடுக்க அதுவே போதும். வலியால் நீட்டாமல் இருக்கிறாரா, அறுந்ததால் முடியவில்லையா என்று ஐயம் இருந்தால், மூட்டிலிருந்து ஊசியால் இரத்தத்தை எடுத்து மரத்துப்போகும் மருந்தை ஏற்றிவிட்டு மறுபடி நீட்டச் சொல்லும் வழியும் உண்டு.

சீனி வருத்தக்காரர் என்பதால் நரம்பையும் மறந்துவிடக் கூடாது. தொடை நரம்பு பாதிக்கப்பட்டாலும் முட்டி இப்படித்தான் மடங்கும். அது பெரும்பாலும் நாட்கணக்கில் வரும், சத்தமோ வீக்கமோ இருக்காது, தொடையின் முன்பக்கம் மரத்திருக்கலாம். முக்கியமாக, இறுக்கச் சொன்னால் தசையே இறுகாது. தசைநாண் அறுந்தவருக்குத் தசை நன்றாக இறுகும், கால்தான் அசையாது. உங்கள் கையைத் தொடையில் வைத்தாலே இந்த வித்தியாசம் தெரியும். அரிதாக இரண்டு முட்டியிலும் ஒரே நேரத்தில் தசைநாண் அறும். அப்போது வாதம் அடித்துவிட்டது என்று நினைத்துத் தலையையும் முதுகையும் ஸ்கேன் செய்துகொண்டிருப்பார்கள். சிறுநீரக நோயாளி இரண்டு காலும் போய்விட்டது என்றால் முட்டியையும் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் இவ்வளவு அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் நாட்கணக்கு. முழுதாக அறுந்த தசைநாணைத் தைப்பதற்கு முதல் இரண்டு, மூன்று வாரம்தான் நல்ல காலம். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது 12 நாளுக்கு மேலும் சில நாள் கூடியிருக்கும். நாள் போகப் போகத் தசை மேலே சுருங்கி, அறுந்த முனை தழும்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு இழுத்தாலும் சில்லுக்கு எட்டாது. அப்போது தசைநாணை வெட்டி நீளமாக்கவோ, வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டுப்போடவோ வேண்டியிருக்கும். அதையும் செய்யலாம், ஆனால் காலின் பலம் முன்போல வருவது கடினம். மூன்று வாரம் தாண்டிவிட்டது என்று யாரும் கைவிடவும் வேண்டாம்.

எண்ணெய்க் கட்டு வேண்டவே வேண்டாம். அறுந்த இரண்டு முனைகளும் சில சென்ரிமீற்றர் விலகி நிற்கின்றன, தடவி அவற்றைச் சேர்க்க முடியாது. அதைவிட எனக்குப் பயம் தோலைப் பற்றித்தான். சூடான கட்டும் ஒத்தடமும் சீனி வருத்தக்காரருக்குச் சுட்டுக் கொப்பளமாவது அவருக்கே தெரியாமல் போகலாம். சத்திரசிகிச்சைக்காரர் கத்தி வைக்க வேண்டிய இடமே முட்டியின் முன்பக்கம். அங்கே கொப்பளமோ புண்ணோ இருந்தால் அது ஆறும் வரை நாளைத் தள்ளிவைப்பார்கள். இருக்கிற சில நாளும் அதில் போய்விடும்.

வைத்தியசாலைக்குப் போகும் வரை முட்டி மடங்காமல் வையுங்கள். தடித்த அட்டைப் பெட்டியை நான்கைந்து மடிப்பாக மடித்து, தொடையின் நடுவிலிருந்து கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே வரை வரும்படி காலின் பின்பக்கம் பீலிபோல வளைத்து வையுங்கள். உள்ளே துவாய். துணியால் மூன்று நான்கு இடத்தில் கட்டுங்கள், சில்லின் மேல் முடிச்சு வரக் கூடாது. ஒரு விரல் உள்ளே போகும் அளவு தளர்வு இருக்கட்டும். கால்விரல் நீலமானால், குளிர்ந்தால், மரத்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். குதிகாலில் புண் வராமல் பாருங்கள். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள், அசையாத காலில் இரத்தம் உறையலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள். மூச்சு முட்டினால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

ஸ்கேனில் பாதிக் கிழிவுதான், காலையும் அவராக நீட்டுகிறார் என்று தெரிந்தால் வெட்டத் தேவையில்லாமல் போகலாம். 4 முதல் 6 வாரம் முட்டியை நேராக வைத்து ஆறவிடுவார்கள். முழுக் கிழிவென்றால் சில்லில் நெடுக்காகத் துளையிட்டு, கரையாத தடித்த நூலால் தசைநாணை இழுத்துக் கட்டுவார்கள். எலும்பில் சிறிய ஆணி வைத்துத் தைப்பதும் உண்டு. அதன் பிறகும் ஏறக்குறைய 6 வாரம் காலை நேராக வைத்து, பிறகு பிசியோதெரபியில் படிப்படியாக மடக்கப் பழக்குவார்கள். பாரமான வேலைக்கு 4 முதல் 6 மாதம் ஆகும். சரிவில் ஏறி இறங்கும் வேலைக்கு இன்னும் கூடலாம். குந்தி இருக்கும் மலசலகூடம் அந்த நாட்களில் ஆகாது. நடுவில் ஓட்டையுள்ள கதிரையொன்றுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

கூட்டிப்போக பஸ் வேண்டாம். வானின் பின் ஆசனத்தில் காலை நீட்டிப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். பக்கத்து ஆதார வைத்தியசாலையில் என்பியல் நிபுணர் இல்லை என்றால் அங்கேயே கடிதம் வாங்கிக்கொண்டு நுவரெலியாவுக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ போங்கள். எக்ஸ்ரே படம், கிளினிக் கொப்பி, குடிக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின், குளோபிடோகிரல் குடிக்கிறார் என்றால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அன்றே சத்திரசிகிச்சை இருக்கும் என்று நினைத்து, சீனி மாத்திரையையும் போட்டுவிட்டுப் பட்டினியாகப் போவது ஆபத்து. சாப்பிடாமல் இருக்க வேண்டிய நேரத்தை அவர்களே சொல்வார்கள். வேலை நேரத்தில் வழுக்கியது என்றால் தோட்ட ஒபிசிலும் டிஸ்பென்சரியிலும் திகதியோடு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், நட்டஈட்டுக்கு அது வேண்டும்.

டொக்டரிடம் "முட்டி வலி" என்று தொடங்காதீர்கள். வழுக்கிய திகதியை முதலில் சொல்லுங்கள். பிறகு, சத்தம் கேட்டது, அன்றிரவே வீங்கியது, இப்போது வலி குறைந்தும் முட்டி மடங்குகிறது என்று சொல்லுங்கள். வீட்டில் பார்த்தபோது உட்கார்ந்தபடி காலை நீட்ட முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். சிங்களத்தில் என்றால் "ககுல கெலின் கரன்ன பே" (காலை நேராக்க முடியவில்லை) என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். காலை நீட்டிக் காட்டச் சொல்லாமலே அனுப்பப் பார்த்தால், "ஒருமுறை உட்காரவைத்து நீட்டச் சொல்லிப் பாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கிளினிக் திகதி மூன்று நான்கு வாரம் தள்ளிக் கிடைத்தால் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். இது தைக்க வேண்டிய காயமாக இருக்கலாம், இத்தனையாவது நாள் என்று சொல்லி, அன்றே வார்ட்டில் என்பியல் டொக்டர் ஒருவர் பார்க்கும்படி கேட்டு நில்லுங்கள்.